எலக்ட்ரான் மிஷினும் அப்பாவின் ஜெப எண்ணெயும்

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை போன் பேசி முடித்த பிறகும் என் மகள் ஜெனி சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்த பத்து வயதுப் பெண் அவள். வாரா வாரம் தியாகதுருகத்திலிருந்து தாத்தா வீடியோ காலில் வருவார். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, கண்ணை மூடி ஜெபம் செய்வார். அந்த ஜெபத்தில் பாதிக்கு மேல் அவளுக்குப் புரியாது. கடைசியில் வரும் ‘ஆமென்’ மட்டும் நன்றாகப் புரியும். அது வந்துவிட்டால் விளையாடப் போகலாம் என்பது நான் போட்ட சட்டம்.

“தாத்தா ஆமென் சொல்லவே இல்லையே. நான் போகலாமா, கூடாதா?” என்று ஜெர்மனில் கேட்டாள்.

உண்மைதான். அப்பா ஜெபமே செய்யவில்லை. கரும்பு லாரிகளால் ரோட்டில் நடக்க முடியவில்லை என்றார். மழை கம்மி என்றார். “சரிம்மா, வெச்சுடறேன்” என்று வைத்துவிட்டார். நான் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒரு ஞாயிறும் இப்படி நடந்ததில்லை. காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோதும், அம்மாவை அடக்கம் செய்த வாரத்திலும்கூட, ஜெபம் செய்துவிட்டுத்தான் போனை வைத்தார்.

ஜெனியைப் போகச் சொல்லிவிட்டு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அப்பா ஏன் வாயை மூடிக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன், நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும். ஊரில் என்னைப் பற்றி ‘பாரின்ல ஏதோ கரண்டு வேலை’ என்று பேச்சு. பாதி சரிதான்.

2

ஒரு பெரிய மூலக்கூறு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே நாங்கள் அதை உடைத்துப் பார்க்கிறோம். காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்ட ஓர் எஃகுக் கலம். ஆராய வேண்டிய பொருளைச் சூடாக்கி, அதற்குள் ஆவியாக அனுப்புவோம். பக்கத்தில் ஒரு மெல்லிய கம்பி பழுக்கக் காய்ந்து எலக்ட்ரான்களை உமிழும். அவற்றுக்கு வேகம் கொடுத்து ஆவிக்குள் விடுவோம். ஓர் எலக்ட்ரான் வந்து மோதும்போது, மூலக்கூறுக்குள் இருக்கும் இன்னோர் எலக்ட்ரானைத் தட்டி வெளியே தள்ளிவிடுகிறது. ஒன்றை இழந்த மூலக்கூறு மின்னேற்றம் பெற்று அயனியாகிறது. அத்தோடு விட்டால் நல்லது. ஆனால் அடித்த அடியின் ஆற்றல் கொஞ்சம் உள்ளே தங்கிவிடும். அது அங்குமிங்கும் ஓடி, பெரும்பாலும் எந்தப் பிணைப்பு பலவீனமோ அந்த இடத்தில் அறுத்துக்கொண்டு கிளம்பும். சிதறும் துண்டுகளை நாங்கள் எடை போடுகிறோம். துண்டுகளின் எடையை வைத்து, முழுசாக இருந்தபோது அது என்னவாக இருந்தது என்று சொல்கிறோம்.

வேகம்தான் இதில் எல்லாம். ஓங்கி அடித்தால், பல பெரிய மூலக்கூறுகளில் முழு உருவம் மிஞ்சவே மிஞ்சாது, பொடிப்பொடியாகத்தான் வரும். வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால், ஓர் எல்லையில் எலக்ட்ரானுக்குத் தட்டிவிட மட்டுமே தெம்பு இருக்கும், உடைக்கத் தெம்பு இருக்காது. அப்போது மூலக்கூறு முழுசாக வந்து நிற்கும். எந்த வேகத்தில் எந்தத் துண்டு முதன்முதலில் தலைகாட்டுகிறது என்று அளப்பதுதான் என் பிழைப்பு.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது, உடம்புக்குள் இப்படிப்பட்ட எலக்ட்ரான்கள் ஏராளமாகக் கிளம்பித் திரிகின்றன. கெட்டதையும் உடைக்கின்றன, நல்லதையும் உடைக்கின்றன. எது எப்போது உடையும் என்று யாராவது உட்கார்ந்து அளந்து வைத்தால்தான், இன்னொருவர் அதை வைத்து ஏதாவது கணக்குப் போட முடியும். என் அம்மாவுக்குப் பாண்டிச்சேரியில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நான் அப்போது இங்கே எலக்ட்ரான் விட்டுக்கொண்டிருந்தேன்.

3

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை போகும் வண்டி. கல்வராயன் மலைக்கு ஏறும் அந்த வளைவுகளில்தான் அவருடைய பாதி ஆயுள் போயிற்று. டிரைவர் ராமசாமி அண்ணன் மலைக்காரர். முதல் டிரிப் கிளம்பும்போது அவர் முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் கொளுத்துவார். அது அணைந்ததும் அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுப்பார். விரல் நுனியில் எண்ணெய் தொட்டு, முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு சிலுவை போடுவார்.

“உன் சாமி பிரேக்கைப் பாத்துக்கட்டும் தாவீது. என் சாமி ஸ்டேரிங்கைப் பாத்துக்கும்” என்பார் ராமசாமி அண்ணன். இரண்டு பேருக்கும் அதில் சண்டை வந்ததே இல்லை. சாமை மூட்டையை எங்கே ஏற்றுவது என்பதில்தான் தினமும் சண்டை வரும்.

எங்கள் சபைக்காரர்கள் வீடுகளில் ஜெப எண்ணெய் இல்லாத வீடு கிடையாது. வேதத்தில் சொல்லியிருப்பது ஒலிவ எண்ணெய். தியாகதுருகத்தில் அதற்கு எங்கே போவது? தேங்காய் எண்ணெயைப் பாஸ்டரிடம் கொடுத்து, ஜெபித்து வாங்கி வைத்துக்கொள்வோம். காய்ச்சல் அடிக்கிற நெற்றி, புது வீட்டு நிலைப்படி, கன்று போட முடியாமல் தவிக்கிற மாடு, எல்லாவற்றுக்கும் ஒரு சிலுவை. என் பிளஸ் டூ ஹால் டிக்கெட்டுக்கும் அப்பா வைத்தார். எண்ணெய் ஊறி போட்டோவில் என் முகமே தெரியாமல் போய்விட்டது. பரீட்சை அறையில் என்னை மேலும் கீழும் பார்த்த கண்காணிப்பு டீச்சருக்கு நான் பதில் சொல்வதற்குள் பாதி வேர்த்துவிட்டது.

4

அம்மா போன பிறகு அப்பாவை இங்கே அழைத்து வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அழைப்புக் கடிதம், காப்பீடு, என் சம்பளச் சான்று, வீடு எத்தனை சதுர மீட்டர் என்பதற்கு அத்தாட்சி. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜன்னல், ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு மதிய இடைவேளை. சென்னையில் விசா கேட்கப் போனபோது, “மகளையும் பேத்தியையும் பார்க்கப் போகிறேன்” என்று மட்டும் சொல்லச் சொல்லி அனுப்பியிருந்தேன். அப்பா அதோடு நிறுத்தவில்லை. “எம் பொண்ணு ஒடைக்கிற மிஷின் ஒண்ணு வெச்சிருக்குதுங்க, அத்தயும் பாக்கணும்” என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறார். எப்படியோ விசா கிடைத்துவிட்டது.

எனக்கு ஒரு கவலை இருந்தது. அது அவருக்கும் தெரியும். இங்கே நான் தங்கியிருக்கும் அனுமதி என் வேலை ஒப்பந்தத்தோடு கட்டப்பட்டது. ஒப்பந்தம் இந்த வருஷக் கடைசியில் முடிகிறது. கையிலிருக்கும் ஒரு தொகுதி அளவுகளை அதற்குள் எடுத்துக் கொடுத்தால்தான் நீட்டிப்பதைப் பற்றிப் பேச்சு. இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்பா வாராவாரம் ஜெபித்தது அதற்குத்தான்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அவரை ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனேன். விடுமுறை, யாரும் இல்லை. கம்பி மாற்றுவதற்காகக் கலத்தைத் திறந்து வைத்திருந்தோம். முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் லேனா என்ற பெண், உள்பாகங்களை ஒரு வாரமாகத் துடைத்துக் கழுவி, திறந்த வாயை அலுமினியத் தாளால் மூடி வைத்திருந்தாள். கையுறை இல்லாமல் அதை யாரும் தொடக்கூடாது. ஒரு விரல் ரேகை போதும், அதிலிருந்து கிளம்பும் ஆவி எங்கள் அளவையெல்லாம் குழப்பிவிடும்.

அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மிஷினைச் சுற்றி வந்தார்.

“ஒடைக்கிறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?”

“ஒடைச்சாதான்ப்பா உள்ள இன்னா இருக்குதுன்னு தெரியும்.”

“அப்பால திரும்ப ஒட்டுவீங்களா?”

“இல்லப்பா.”

மிஷினை இன்னொரு தடவை சுற்றி வந்தார். “நம்ம பஸ்ல கூட்டம் ஜாஸ்தியா இருக்க சொல்ல சடன் பிரேக் போட்டா, யாருக்குப் புடி கம்மியோ அவன்தான் மொதல்ல வுழுவான். அந்த மாதிரியா?”

“அதே மாதிரிதான்” என்றேன். என் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

“உங்கம்மாவுக்கு வெச்சாங்களே, அந்த கரண்டும் இதானா?”

“அந்த மிஷின் வேறப்பா. ஆனா அது வெச்சா ஒடம்புக்குள்ள நடக்கறது இதான்.”

அவர் அந்த அலுமினியத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். குளிரில் உதடு வெளுத்திருந்தது. டீ வாங்கி வருகிறேன் என்று கீழே போனேன். திரும்பி வந்தபோது சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார். “குளுருது” என்றார். நானும் வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

5

அவர் ஊர் திரும்பிய வாரத்தில் கலத்தை மூடி, உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் போகச் சூடேற்றினோம். பம்புகள் ஓடின. வெற்றிடம் மட்டும் வரவேண்டிய அளவுக்கு வரவே இல்லை. மூலக்கூறு எதையும் உள்ளே விடாமலே எலக்ட்ரானை ஓட்டிப் பார்த்தால், ஒன்றுமே தெரியக்கூடாத இடத்தில் துண்டுகள் வரிசை கட்டி நின்றன. ஏதோ பிசுக்கு என்பது மட்டும் தெரிந்தது. முழு வேகத்தில் அடித்தால் எல்லாப் பிசுக்கும் ஒரே மாதிரிதான் சிதறும்.

சந்தேகம் லேனா மேல் விழுந்தது. கலத்தைக் கடைசியாகக் கழுவி மூடியது அவள். குளிர் ஆரம்பித்தால் கைக்குக் கிரீம் தடவுகிறவள். எங்கள் பேராசிரியர் குரலை உயர்த்தவில்லை. காரணம் தெரிகிற வரைக்கும் அவள் கலத்தில் கை வைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் மதியச் சாப்பாட்டுக்கு எங்களோடு வருவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் உள்ளுக்குள் அவள் மேல் கோபமும் இருந்தது. வருஷக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் வேகத்தைக் குறைத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. மெல்ல மெல்லக் குறைத்தேன். பொடித் துண்டுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியில் முழு மூலக்கூறு ஒன்று தனியாக நின்றது. எடை இருநூறு. துண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் அது ஒரு கொழுப்பு அமிலம். லேனாவின் கிரீமைக் கேட்டு வாங்கி, வேறொரு கருவியில் போட்டுப் பார்த்தேன். அதில் அது இல்லை. விரல் பிசுக்கிலும் பம்பு எண்ணெயிலும் அது இப்படித் தலைதூக்கி நிற்காது. லாரிக் அமிலம் அது. எது நிறைய அதை வைத்திருக்கும் என்று புத்தகத்தைப் புரட்ட வேண்டிய தேவை எனக்கு இல்லை. பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் அதைத் தலையில் தடவிக்கொண்டு போனவள் நான்.

அப்பாவின் மேல் பட்டன் ஞாபகம் வந்தது. குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். பாட்டிலை அக்குளில் வைத்து உருக்கியிருக்கிறார்.

அங்கேயே நின்று அவருக்கு போன் போட்டேன்.

“ப்பா, நீ அன்னைக்கு மிஷின்ல கை வெச்சியா?”

“நான் எதுக்கு கை வெக்கிறேன்? எண்ணெ தான் வெச்சேன்.”

“எங்க வெச்ச?”

“மேல வெச்சா தொடைச்சுடுவாங்கன்னு, அந்தப் பேப்பரைத் தூக்கி உள்பக்கமா வெச்சேன். ஏம்மா? நல்லா ஓடுதா?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் தமிழே பாதி மறந்துபோனது. உன் எண்ணெய்தான் மிஷினைக் கெடுத்தது, என் வேலைக்கு உலை வைத்தது, ஒரு சின்னப் பெண் திருடி மாதிரி தலை குனிந்து நிற்கிறாள், நீ ஜெபம் செய்யாமல் சும்மா இருந்திருந்தாலே போதும் என்று கொட்டினேன். எண்ணெயை அத்தனை மெதுவாக விசாரித்த நான் அவரை முழு வேகத்தில் அடித்தேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். கட்டாகவில்லை.

6

மறுநாள் கூட்டத்தில் எல்லோர் முன்பும் சொன்னேன். அபிஷேகத்துக்கு ஜெர்மனில் நான் தேடிப் பிடித்த சொல் சரியாகப் போய்ச் சேரவில்லை. “எந்தக் கீல் சத்தம் போட்டது?” என்று எங்கள் மூத்த டெக்னீஷியன் அக்கறையாகக் கேட்டார். அப்பா எண்ணெய் போட்டது கீலுக்கு இல்லை, எனக்கு என்று விளக்க வேண்டியதாயிற்று. சிலர் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. என் அப்பாவைப் பார்த்து அவர்கள் சிரிப்பதாகத் தோன்றியதும், நேற்று அவரைத் திட்டிய வாயே இன்று அவர்களையும் திட்டத் துடித்தது.

பேராசிரியர் சிரிக்கவில்லை. வெளியாரைத் தனியே விட்டுப் போகக் கூடாது என்ற விதியை எனக்கு நினைவுபடுத்தினார். அது நியாயம்தான். அடுத்து லேனாவைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி மன்னிப்புக் கேட்டார். கலத்தைத் திரும்பத் திறந்து, கழுவி, சூடேற்ற வேண்டும். வருஷக் கடைசிக்குள் அளவு முடியுமா என்று கேட்டேன். “பார்ப்போம்” என்றார். இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குத் தெரியாது.

லேனா என்னோடு மாடிப்படி வரைக்கும் வந்தாள். “உன் அப்பா என் வேலையையும் சேர்த்து ஆசீர்வதித்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

7

அதற்குப் பிறகு வந்த முதல் ஞாயிறுதான் நான் தொடக்கத்தில் சொன்னது. ஜெனி உள்ளே போன பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எத்தனை வருஷம் அவர் ஜெபிக்கும்போது போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கியிருக்கிறேன்! சீக்கிரம் முடிக்க மாட்டாரா என்று எத்தனை தடவை கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன்! இப்போது அது இல்லை என்றதும் வீட்டில் ஒரு சுவர் இல்லாதது போல இருந்தது. அம்மா போன பிறகு, வேலையும் இல்லாத மனிதர் அவர். தினமும் எழுந்து எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்வதுதான் அவருக்கு மிச்சமிருந்த உத்தியோகம். அதை நான் பிடுங்கிவிட்டேன். அவர் இனிமேல் எனக்காக வாயைத் திறக்கவே மாட்டாரோ என்று பயம் வந்தது. ஒப்பந்தம் போய்விடுமோ என்ற பயத்தைவிட அது பெரிதாக இருந்தது.

திரும்பக் கூப்பிட்டேன்.

“இன்னாம்மா, இப்பதான பேசின?”

“நீ ஜெபம் பண்ணலியேப்பா.”

“அது இன்னா, இங்கயே பண்ணிக்கிறேன்.”

“எனக்குக் கேக்கற மாதிரி பண்ணு.”

அவருக்குப் பின்னால் ஏதோ வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

“அந்தப் பொண்ணுக்கு வேலை போச்சா?” என்று கேட்டார்.

“இல்லப்பா. எல்லாம் சொல்லிட்டேன். நாளைக்கி அவதான் திரும்ப மூடறா. சூடு காட்டி, வாரக் கடைசில மறுபடி ஓட்டறோம்.”

“உனுக்கு?”

“தெரியல. பாக்கணும்.”

“எனுக்கு ஒண்ணியும் புரியலம்மா. பஸ்ஸுக்கு வெச்சேன், ஒரு நாளும் தப்பு வந்ததில்ல. உனுக்கு வெச்சா கெட்டுப்போவுது. பாண்டிச்சேரில உங்கம்மாவை அந்த ரூமுக்குள்ள இட்டுக்கினு போனாங்க இல்ல, அந்த மிஷினுக்கு வெக்கணும்னு பாட்டிலை எட்த்துக்கினுதான் போனேன். கதவாண்டயே நிக்க சொல்லிட்டாங்க. உள்ள வுடல. ஒவ்வொரு தபாவும் கதவாண்ட நின்னுக்கினு இருந்தேன். நீ அன்னைக்கி இதுவும் அது மாதிரிதான்னு சொன்ன. சரி, இதுக்காவது வெப்போம்னு வெச்சேன்.”

இத்தனை நாளும் அவர் எண்ணெய் வைத்தது என் ஒப்பந்தத்துக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அங்கே வைக்க முடியாமல் போனதை இவ்வளவு தூரம் கடல் கடந்து கொண்டுவந்து, அக்குளில் உருக்கி, என் கலத்தில் வைத்திருக்கிறார். அதை நான் பிசுக்கு என்று சொல்லி எடை போட்டேன். எடையும் சரியாகத்தான் இருந்தது.

“மன்னிச்சுக்கோப்பா” என்றேன்.

“வுடு. அழுவாத. ஜெனி பயந்துக்கும்.”

“நீ ஜெபம் பண்ணு.”

“வாணாம்மா. என் வாய் இப்ப சரியில்ல. நீ பண்ணு.”

ஞாயிற்றுப் பள்ளிக்குப் பிறகு நான் வாய்விட்டு ஜெபித்ததே இல்லை. நம்பிக்கை இருக்கிறதா என்று யாராவது கேட்டால்கூட நேராகப் பதில் சொல்ல மாட்டேன். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு, “அன்புள்ள ஆண்டவரே” என்று ஆரம்பித்தேன். அடுத்த சொல் வரவில்லை. மறுபடியும் “அன்புள்ள ஆண்டவரே” என்றேன். அலுவலகக் கடிதம் போல இருந்தது. மூன்றாவது தடவையும் அங்கேயே நின்றேன்.

மேட்டில் நின்றுபோன வண்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க அப்பாவால் முடியாது. தொண்டையைச் செருமினார்.

“ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்று எடுத்தார். வேதத் தமிழில்தான் எப்போதும் ஜெபிப்பார், அன்றும் அப்படித்தான் தொடங்கினார். “உம்முடைய பிள்ளைகளை உமது சமுகத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்.” என் பெயரைச் சொன்னார். என் வீட்டுக்காரர் பெயர், ஜெனி பெயர். லேனாவின் பெயரை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அதையும் சொன்னார். ‘அந்த மிஷினையும்’ என்று வந்தபோது நின்றார். மறுபடி பேசியபோது வேதத் தமிழ் போய்விட்டிருந்தது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்று ராமசாமி அண்ணனிடம் பேசுகிற குரல் அது.

“இந்த தபா நான் ஒண்ணியும் தொடல ஆண்டவரே. கதவாண்டதான் நின்னுக்கினு இருக்கறேன். நீரே உள்ள போயி கை வெய்யும்.”